புவெனஸ் ஐரிஸ், நான்காம் நாள்: கதவு எண்ணைப் பிடித்துக்கொண்டு

வியாழக்கிழமை. நவம்பர் மாதம், இங்கே வசந்தம். ஹகராந்தா மரங்கள் ஊதாப் பூவாகக் கொட்டிக்கிடக்கின்றன.

இந்த ஊரில் கதவு எண் தெரிந்தால் வழி தெரிந்த மாதிரிதான். 1580-இல் ஹுவான் தே கராய் நகரத்தை இரண்டாம் முறையாக நிறுவியபோது கட்டம் போட்டுத் தெரு பிரித்தார். ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரை உள்ள தூரத்துக்கு இங்கே 'குவாத்ரா' என்று பெயர். ஒரு குவாத்ராவுக்கு நூறு எண்கள். இருப்பது எட்டு வீடுதான் என்றாலும், அடுத்த முனை தாண்டியதும் அடுத்த நூறு தொடங்கிவிடும். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் ஆற்றுப் பக்கமிருந்து மேற்கே போகப்போக எண் ஏறும். வடக்கு தெற்காக ஓடும் தெருக்களுக்கு ரிவதாவியா அவென்யூதான் பூஜ்யம். அங்கிருந்து வடக்கேயும் ஏறும், தெற்கேயும் ஏறும். ரிவதாவியாவைத் தாண்டினால் தெருவின் பெயரே மாறிவிடும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். வடக்கே உருகுவாய் என்றிருக்கும் தெரு, தெற்கே சான் ஹோசே. வடக்கே ஃப்ளோரிதா, தெற்கே பெரூ.

ஆக, 'ஹுனின் 1760' என்று ஒரு முகவரி கொடுத்தால், ரிவதாவியாவிலிருந்து வடக்கே பதினேழு குவாத்ரா தாண்டிப் பதினெட்டாவதில் இருக்கிறது என்று அர்த்தம். நூறு எண் என்பதால் நூறு மீட்டர் என்று கணக்குப் போட்டால் கால் வலிக்கும். கராய் அளந்தது 140 வாரா, அதாவது 120 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நிதானமாக நடந்தால் சிக்னலோடு சேர்த்து ஒரு குவாத்ராவுக்கு இரண்டு நிமிடம்.

காதுக்கு ஒரு குறிப்பு. ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் இந்த ஊர் உச்சரிப்பு முதலில் பிடிபடாது. மற்ற நாடுகளில் 'ய' என்று ஒலிப்பது இங்கே 'ஷ'. பலகையில் 'மாயோ' என்று படிப்பதை வாயால் 'மாஷோ' என்பார்கள். 'கயாவோ' இங்கே 'கஷாவோ'. டாக்ஸியில் பெயர் சொல்லும்போது இது உதவும்.

சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் மாஷோ சதுக்கத்தில் தொடங்கி ரெகோலேத்தா கல்லறைத் தோட்டத்தில் முடிப்பார்கள். வியாழக்கிழமையாக இருந்தால் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதே எங்கள் யோசனை. காலையில் ரெகோலேத்தா, மாலை மூன்றரைக்குச் சதுக்கம். பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் நடை வியாழன்தோறும் அப்போதுதான் அங்கே நடக்கும். எண்கள் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வரும். மொத்த நடை ஐந்து கிலோமீட்டர் வாக்கில்.

இன்னொன்று, வெயில். இங்கே உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் வெயிலை வைத்துத் திசை பார்ப்பவர்களுக்கு முதல் இரண்டு நாள் எல்லாமே நேர்மாறாகத் தோன்றும். காலையில் தெற்கு நோக்கி நடக்கும்போது இடது கைப்பக்க நடைபாதையில்தான் நிழல்.

ஹுனின் 1760

சுரங்க ரயிலின் எச் தடத்தில் லாஸ் எராஸ் நிலையத்தில் இறங்கினால் ரெகோலேத்தா கல்லறைத் தோட்டம் சில குவாத்ரா தூரம். ரயிலுக்கும் பேருந்துக்கும் சூபே என்ற ஒரே அட்டை. சுரங்க ரயிலில் ஒரே அட்டையை இரண்டு முறை தொட்டு இருவரும் போகலாம். வங்கி அட்டையையும் அங்கே தொட்டுப் போகமுடிகிறது. பேருந்துக்கு சூபேயை நம்பியிருப்பதே நல்லது. பேருந்தில் ஏறியவுடன் அட்டையைத் தொடக்கூடாது. முதலில் இறங்கும் இடத்தை ஓட்டுநரிடம் சொல்லவேண்டும், அவர் கட்டணத்தைப் பதிந்தபிறகுதான் தொடவேண்டும். நிறுத்தத்தில் கைகாட்டாவிட்டால் பேருந்து நிற்காமல் போய்விடும்.

கல்லறைத் தோட்டம் 1822-இல் திறந்தது. அதற்குமுன் அது பக்கத்துத் துறவிமடத்தின் தோட்டம். ஐந்தரை ஹெக்டேருக்குள் 4,600-க்கும் மேற்பட்ட கல்லறை மண்டபங்கள். புல்தரையும் சிலுவையுமாக இருக்கும் என்று நினைத்து வருபவர்களுக்கு ஆச்சரியம்தான், ஏனென்றால் இது ஒரு சின்ன ஊர். தெரு, முனை, சந்து, மரத்தடி பெஞ்சு எல்லாம் உண்டு. ஒவ்வொரு மண்டபமும் ஒரு வீட்டு முகப்பு மாதிரி. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் ஒரு சிறு பீடம், சரிகை விளிம்பு வைத்த துணி, அதற்குப் பின்னால் பெட்டிகள், கீழே இறங்கும் குறுகிய படிக்கட்டு. பராமரிக்கும் குடும்பம் இல்லாமல்போன மண்டபங்களில் கண்ணாடி உடைந்து, உள்ளே செடி முளைத்திருக்கிறது. பளிங்கு மின்னும் மண்டபமும் இடிந்ததும் சுவரோடு சுவராக நிற்கின்றன. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. காலையிலேயே வந்துவிடுவது நல்லது. பத்தரைக்குமேல், எவிதா என்று ஊர் அழைக்கும் எவா பெரோனின் கல்லறைச் சந்தில் நிற்க இடமிருக்காது.

எவா பெரோனைத் தேடி வருகிறவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது பெயரில். 'பெரோன்' என்று எழுதிய மண்டபத்தைத் தேடினால் கிடைக்காது. அவர் இருப்பது பிறந்த வீட்டாரின் துவார்த்தே குடும்பக் கல்லறையில். கணவரும் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவருமான ஹுவான் பெரோனின் உடல் இங்கே இல்லை, நகரத்துக்கு வெளியே சான் விசெந்தேயில் இருக்கிறது. நுழைவாயிலிலிருந்து நேரே போய், நடுவில் உள்ள சிலையிடம் இடது பக்கம் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் ஆள் கூட்டமே வழிகாட்டும். கறுப்புக் கிரானைட் முகப்பு, வெண்கலப் பட்டயங்கள், கதவுக் கம்பிகளில் செருகிய பூக்கள். சந்து இரண்டு பேர் அகலம்தான். படமெடுப்பவர் பின்னால் நகர்ந்தால் எதிர் மண்டபத்தில் முதுகு இடிக்கும்.

இந்தக் கல்லறைக்கு அவர் வந்துசேர்ந்த கதை நீளமானது. 1952 ஜூலை 26 அன்று, 33 வயதில், புற்றுநோயால் இறந்தார். பேத்ரோ அரா என்ற மருத்துவர் உடலைப் பதப்படுத்தினார். பெரோனைக் கவிழ்த்த 1955 ராணுவப் புரட்சிக்குப்பின் புதிய ஆட்சியாளர்கள் உடலை ஒளித்தார்கள். பிறகு இத்தாலிக்கு அனுப்பி, மிலான் நகரக் கல்லறையில் மரியா மாஜி என்ற வேறொரு பெயரில் புதைத்தார்கள். 1971-இல் மத்ரீதில் இருந்த பெரோனிடம் உடல் ஒப்படைக்கப்பட்டது. 1974-இல் அர்ஜென்டினாவுக்கு வந்தது, 1976-இல் இங்கே. மறுபடி யாரும் எடுத்துவிடாதபடி மண்ணுக்குள் பல மீட்டர் ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகத் தேடிப் பார்க்க எதுவும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

எங்கள் இருவருக்கும் மனத்தில் நின்றது இன்னொரு கல்லறை. ரூஃபினா கம்பசெரெஸ், 1902-இல் 19 வயதில் இறந்த பெண். உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசும் கதை ஒன்று உண்டு, அது கதைதான். ஆனால் அந்தச் சிலையை முன்னால் நின்று பார்க்கவேண்டும். ஆளுயரப் பெண், மண்டபக் கதவின் பிடியில் கை வைத்திருக்கிறாள். உள்ளே போகப்போகிறாளா, வெளியே வந்துவிட்டாளா என்று முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

சாந்தா ஃபே 1860

ஹுனின் தெருவிலேயே தெற்கே இறங்கினால் சாந்தா ஃபே அவென்யூ வெட்டும். அங்கே எண் 2100. இடது கைப்பக்கம், ஆற்றை நோக்கித் திரும்பி, எண் இறங்க இறங்க இரண்டரை குவாத்ரா. 1860-இல் எல் அத்தேனியோ கிராண்ட் ஸ்ப்ளெண்டிட் புத்தகக்கடை. 1919-இல் நாடக அரங்கமாகக் கட்டி, பின்னால் சினிமாக் கொட்டகையாகி, 2000-இல் புத்தகக்கடையானது. மாடங்களும் மேடைத் திரையும் அப்படியே இருக்கின்றன. கூரை ஓவியம் நசரேனோ ஒர்லாந்தி வரைந்தது. முதல் உலகப்போர் முடிந்த சமயம் என்பதால் சமாதானம்தான் அதன் பொருள். மேடையில் காபிக்கடை. நுழைவு இலவசம், படமெடுக்கலாம். கீழ்த்தளத்தில் நிற்பதைவிட மேல் மாடிக்குப் போய், புத்தக அலமாரிகளுக்கு நடுவிலிருந்து மேடையைப் பார்ப்பதுதான் அழகு. அரை மணி நேரம் போதும்.

கஷாவோ வழியாக

கடையிலிருந்து அரை குவாத்ரா கிழக்கே கஷாவோ அவென்யூ. அங்கிருந்து தெற்கே ஏழு குவாத்ரா நடந்தால் கொரியெந்தேஸ். வழியில் சொல்லும்படியான காட்சி எதுவும் இல்லை, ஆனால் கவனிக்கவேண்டியவை உண்டு.

முதலாவது, காலடி. இந்த ஊர் நடைபாதை முழுக்கச் சதுர டைல்ஸ். பல இடங்களில் கீழே சிமெண்ட் விட்டுப்போய்ச் சும்மா கிடக்கும். மழை பெய்த மறுநாள் அதற்கடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். ஓரத்தில் கால் வைத்தால் மறு ஓரம் தூக்கி, அழுக்குத் தண்ணீர் முழங்கால் வரை பீச்சியடிக்கும். சுற்றிலும் ஈரக்கோடு தெரியும் டைல்ஸைத் தவிர்த்துவிடுங்கள். முன்னே போகும் ஊர்க்காரர் எங்கே கால் வைக்கிறார் என்று பார்த்து நடப்பது இன்னும் சுலபம்.

இரண்டாவது, தோளில் ஏதோ வந்து விழுந்தால் நிற்காதீர்கள். கடுகுச் சாந்தோ, பறவை எச்சம் மாதிரி ஒன்றோ சட்டையில் தெறிக்கும். உடனே ஒருவர் காகிதத்தோடு துடைக்க வருவார். அவர் துடைக்கும்போது கூட்டாளி பையை எடுத்துவிடுவார். சுற்றுலாப் பயணிகளிடம் வெகுகாலமாக நடக்கும் தந்திரம் இது. நன்றி சொல்லிவிட்டு நேரே ஒரு கடைக்குள் போய்த் துடைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை நடைபாதை விளிம்பில் நின்று பார்க்கவேண்டாம், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. வரைபடம் பார்க்கவேண்டுமானால் சுவரோரம் ஒதுங்குங்கள். கதவு எண் கணக்கு கைவந்துவிட்டால் அந்தக் கைபேசியை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவது, விலைப்பட்டியல். கடைகளில் டாலர் குறி போட்டிருப்பது பேசோவைத்தான். உணவகப் பலகையில் பல்லாயிரம் டாலர் என்று படித்துப் பதறவேண்டாம். அமெரிக்க டாலரைக் குறிக்கும்போது பக்கத்தில் யு, எஸ் எழுத்துகள் சேர்ந்திருக்கும். தெருவில் 'காம்பியோ, காம்பியோ' என்று கூவுபவர்களிடம் டாலர் மாற்றினால் நல்ல லாபம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான டாலர் கட்டுப்பாடு நீங்கியபிறகு அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. கள்ளநோட்டு ஆபத்தை ஏற்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கொரியெந்தேஸ் 1368

கஷாவோவில் எண் 400-க்கு வந்ததும் கொரியெந்தேஸ். கிழக்கே திரும்பியதும் தூரத்தில் ஒபெலிஸ்கோ என்ற நினைவுத் தூண் நேராகத் தெரியும். 67.5 மீட்டர் உயரம், நகரம் முதலில் நிறுவப்பட்ட 1536-இன் நானூறாவது ஆண்டுக்காக எழுப்பியது. 1936 மார்ச் 20-இல் தொடங்கி மே 23-இல் திறந்துவிட்டார்கள்.

1368-இல் குவெரின், 1932-இலிருந்து நடக்கும் பிட்சாக்கடை. இங்கே இரண்டு விதமாகச் சாப்பிடலாம். உள்ளே மேசையில் உட்கார்ந்தால் வரிசை, பரிமாறுபவர், முழு பிட்சா. வாசல் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடும் இடத்தில் துண்டு துண்டாக வாங்கலாம். இருவருக்கு நின்று சாப்பிடுவதே சரி. முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கவேண்டும், பிறகு சீட்டை மேடையில் நீட்டவேண்டும். மேடைக்கு முன்னால் நேராகப் போய் நின்றால் யாரும் கவனிக்கவில்லையே என்று தோன்றும். சீட்டு கையில் இல்லை என்பதுதான் காரணம்.

கேட்கவேண்டியது: இரண்டு முசரேலா, ஒரு ஃபுகசேத்தா, இரண்டு ஃபைனா. முசரேலா என்பது தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும். ஃபுகசேத்தாவில் தக்காளி கிடையாது, பாலாடைக்கட்டியும் மேலே ஒரு படுக்கை வெங்காயமும். இத்தாலிய பிட்சாவை எதிர்பார்க்கவேண்டாம். இங்கே தட்டில் வைத்துச் சுட்ட தடிமனான, ரொட்டி போன்ற மாவு. கட்டி உருகி ஓரத்தில் வழிந்து, தட்டில் பட்ட இடம் கருகி மொறுமொறுப்பாக இருக்கும்.

ஃபைனாதான் நம் நாக்குக்கு உறவுக்காரன். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, மிளகு, அவ்வளவுதான். ஜெனோவாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. மாவைக் கரைத்து ஊறவிட்டு, எண்ணெய் தடவிய சூடான தட்டில் மெல்லியதாக ஊற்றி, பிட்சா அடுப்பிலேயே சுடுகிறார்கள். பஜ்ஜி மாவை எண்ணெயில் போடாமல் தட்டில் ஊற்றிச் சுட்டால் எப்படியிருக்கும், அந்த வாசனை. மேலே பொன்னிறத் தோல், உள்ளே கூழுக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு மென்மை. இதைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. முசரேலாத் துண்டின்மேல் ஃபைனாவைக் குதிரைச் சவாரி மாதிரி ஏற்றிவைத்து, இரண்டையும் சேர்த்து வெட்டிச் சாப்பிடவேண்டும். கட்டியின் எண்ணெய்ப் பிசுக்கை அந்த மிளகும் மாவின் வறட்சியும் வாங்கிக்கொள்ளும். ஆறினால் ஃபைனா இறுகி மாவு நாற்றம் அடிக்கும், அதனால் வாங்கிய கையோடு சாப்பிடவேண்டும். இருவருக்கு நான்கு பிட்சாத் துண்டு என்பது அதிகம், மூன்று போதும்.

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். கோழியோ பன்றித் துண்டோ வந்துவிடும். ஹமோன், அதாவது பன்றித் துண்டு இருக்கிறதா என்று தனியாகக் கேட்கவேண்டும். எம்பனாதா என்ற, மாவுக்குள் பூரணம் வைத்து மடித்த பலகாரத்தில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தாலும் மேல் மாவில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். காலைப் பலகாரமான மெதியாலுனாவில் இரண்டு வகை: 'தே கிராசா' என்றால் கொழுப்பில் செய்தது, 'தே மந்தேகா' என்றால் வெண்ணெயில் செய்தது. ஸ்பெயினில் மந்தேகா என்றால் பன்றிக்கொழுப்பு, இங்கே அதே சொல்லுக்கு வெண்ணெய். ஆகவே அகராதி பார்த்துப் பயந்து ஒதுங்கவேண்டாம், மந்தேகாதான் நமக்கு உரியது. கொஞ்சம் இனிப்பாக, தடிமனாக இருக்கும்.

அவெனிதா தே மாஷோ 1370

கொரியெந்தேஸ் 1368, அவெனிதா தே மாஷோ 1370. இரண்டும் இணையான தெருக்கள், எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியென்றால் ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றது. பக்கத்து முனையான உருகுவாய் தெருவில் இறங்கி, சார்மியெந்தோ, பெரோன், மித்ரே, ரிவதாவியா என்று நான்கு தெருவைத் தாண்டினால் பெயர் சான் ஹோசே ஆகிவிடும், அடுத்தது அவெனிதா தே மாஷோ. வரைபடத்தைத் தொடாமல் வந்துசேரலாம்.

பரோலோ மாளிகை 1923-இல் திறந்தது. துணி வியாபாரத்தில் செல்வம் சேர்த்த லூயிஸ் பரோலோ கட்டச்சொன்னார், கட்டிடம் முடியுமுன் இறந்தார். கட்டியவர் மாரியோ பலாந்தி, இத்தாலியர். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' என்ற காவியத்தைக் கட்டிடமாகவே எழுப்ப நினைத்தார். காவியத்தில் நூறு காண்டம், கட்டிடம் நூறு மீட்டர். கீழ்த்தளம் நரகம், பதினான்காம் மாடிவரை கழுவாய்த் தலம், அதற்குமேல் 22-ஆம் மாடிவரை சொர்க்கம், உச்சியில் ஒரு கலங்கரை விளக்கு.

மேலே போக வழிகாட்டியோடு கூடிய சுற்று மட்டுமே. முன்பதிவு அவசியம், நேரடியாக வந்து நின்றால் அடுத்த சுற்று நிரம்பியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். நாங்கள் பகல் ஒன்றரைக்குத் தொடங்கும் சுற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் மூன்றரைக்குச் சதுக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான். லிஃப்ட் பாதிவரைதான், பிறகு படி. கடைசிப் படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறும், போகப்போகக் குறுகும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் அடைத்த இடம் ஆகாதவர்களும் பால்கனியோடு நின்றுவிடலாம், காட்சி அங்கிருந்தே முழுமையாகக் கிடைக்கிறது. மேற்கே நாடாளுமன்றத்தின் பச்சைக் குவிமாடம், கிழக்கே மரங்களுக்கு நடுவே சதுக்கம் வரை போகும் அவென்யூ. கண்ணாடி அறைக்குள் தரையில் உட்கார வைக்கிறார்கள். நடுவில் ஆளுயர விளக்கு, சுற்றிலும் நகரம்.

பதிவு கிடைக்காவிட்டாலும் இந்தக் கட்டிடத்தைத் தவறவிடவேண்டாம். கீழ்த்தள நடைக்கூடம் அவெனிதா தே மாஷோவில் தொடங்கிப் பின் தெருவரை ஊடுருவிப் போகிறது, அது எல்லோருக்கும் பொது. கூரை வளைவுகளில் லத்தீன் வாசகங்கள், மூலைகளில் டிராகன் உருவங்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க ஐந்து நிமிடம் போதும். தெயாத்ரோ கொலோன் என்ற இசைநாடக அரங்கமும் பக்கத்தில்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டு சுற்றையும் வைத்தால் இரண்டுமே மனத்தில் தங்காது. அதை வேறு நாளுக்கு விட்டோம்.

காணாமல்போன நூறு எண்கள்

கிழக்கே நடந்தால் 1300, 1200, 1100. பிறகு எண்ணே இல்லை. 1100-க்கும் 1000-க்கும் நடுவில் இருந்த குவாத்ரா முழுவதும் நுவேவே தே ஹூலியோ அவென்யூவுக்குள் போய்விட்டது. தெருவை அகலப்படுத்தவில்லை, ஒரு வரிசைக் கட்டிடத்தையே இடித்துத்தான் சாலை போட்டார்கள். 140 மீட்டர் அகலம். ஒரே பச்சை விளக்கில் கடக்கலாம் என்று ஓடுவது வீண், ஓடினால் நடுத்திட்டில் மூச்சிரைக்க நிற்கவேண்டியதுதான். இரண்டு அல்லது மூன்று சிக்னல் என்று வைத்துக்கொண்டு, நடுவில் நிற்கும்போது தெற்கே பாருங்கள். சாலைக்கு நடுவில் ஒரு உயரமான அரசுக் கட்டிடம், அதன்மேல் இரும்பில் வரைந்த எவிதாவின் முகம், ஒலிவாங்கி முன்னால் பேசுகிற மாதிரி. இந்த முகம் வடக்கைப் பார்க்கிறது. தெற்கே பார்க்கும் மறுபக்கத்தில் அமைதியான முகம். இரண்டும் 2011-இல் வைத்தவை. காலையில் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும்.

வழியில் 825-இல் தொர்தோனி காபிக்கடை. வாசலில் வரிசை நிற்கும். இப்போது நிற்கவேண்டாம்.

மாஷோ சதுக்கம்

500-இல் அவென்யூ முடிந்து சதுக்கம் விரிகிறது. முனையில் கபில்தோ, ஸ்பானிய ஆட்சிக்கால நகரமன்றம். முகப்பில் ஒருகாலத்தில் பதினொரு வளைவுகள் இருந்தன. இப்போது நாம் நடந்துவந்த அவென்யூவுக்காக 1889-இல் ஒரு பக்கம் மூன்றை இடித்தார்கள், 1931-இல் இன்னொரு சாலைக்காக மறுபக்கம் மூன்று. மீதி ஐந்து. பேராலயம் கிரேக்கக் கோயில் மாதிரி பன்னிரண்டு தூண்களோடு இருக்கும், கோபுரம் கிடையாது. உள்ளே விடுதலைத் தளபதி சான் மர்த்தீனின் சமாதி. எதிரே காசா ரொசாதா, குடியரசுத் தலைவரின் இளஞ்சிவப்பு மாளிகை. இவற்றைச் சுற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நடுவில் உள்ள வெள்ளைத் தூணிடம் மூன்று இருபதுக்கே போய்விடுங்கள்.

தூண் 1811-இல் எழுப்பிய மாஷோ பிரமிடு. அதைச் சுற்றித் தரையில் வெள்ளை வர்ணத்தில் முக்காடுகள் வரைந்திருக்கும். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டுபோய்க் காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார் 1977 ஏப்ரல் 30-இல் முதன்முதலாக இங்கே கூடினார்கள். பதினான்கு பேர். முற்றுகைச் சட்டத்தால் கூட்டம் கூடத் தடை. நிற்காதீர்கள், நகருங்கள் என்று காவலர்கள் விரட்டினார்கள். அவர்கள் இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துத் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். நடப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அந்த நடைதான் இன்றும் வியாழன்தோறும் மூன்றரைக்கு நடக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் லுஹான் மாதா கோயிலுக்கு நடைப்பயணம் போனபோது கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண, பிள்ளைகளுக்கு இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். முக்காடு வந்தது அப்படி.

தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான அசுசேனா விஷஃப்ளோரை அந்த டிசம்பரிலேயே கடத்திக்கொண்டுபோய், விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள். கரையொதுங்கிப் பெயரில்லாமல் புதைத்த உடல் 2005-இல்தான் அவருடையது என்று அடையாளம் தெரிந்தது. சாம்பலை இந்தத் தூணின் அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். தரையில் கால் வைக்கும்போது இது தெரிந்திருக்கவேண்டும்.

இன்று உயிரோடிருக்கும் தாய்மார் மிகச் சிலர், எல்லோரும் முதியவர்கள். சக்கர நாற்காலியில் வருகிறார்கள், இளையவர்கள் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். 1986-இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்ததால் இரண்டு குழு தனித்தனியாக நடப்பார்கள். குழப்பமில்லை, இரண்டோடும் நடக்கலாம். நடப்பது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், நாம் கோயிலில் வலம் வருவதற்கு நேர்மாறாக. ஒருவர் காணாமல்போனவர்களின் பெயர்களை வாசிப்பார், ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் 'பிரசெந்தே' என்று பதில் சொல்லும். 'இருக்கிறார்' என்று பொருள். அந்த ஒரு சொல் தெரிந்தால் போதும், நீங்களும் சொல்லலாம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முகத்துக்கு அருகில் கேமராவை நீட்டாதீர்கள்.

திரும்பி 825

நான்கேகாலுக்குத் தொர்தோனியில் வரிசை கொஞ்சம் குறைந்திருக்கும், ஐந்தரைக்கு மறுபடி ஏறும். 1858-இல் தொடங்கிய கடை, வண்ணக்கண்ணாடிக் கூரை, பளிங்கு மேசை. காபி கேட்கும் சொற்கள்: 'கொர்தாதோ' என்றால் கொஞ்சம் பால் விட்ட காபி, 'லாக்ரிமா' என்றால் பாலில் ஒரு சொட்டுக் காபி. லாக்ரிமாவுக்குக் கண்ணீர் என்று பொருள். நம் காபிக்கு அருகில் வருவது 'கஃபே கோன் லெச்சே', அது பெரிய கோப்பையில் வரும். இந்த ஊரில் பல இடங்களில் கொட்டையைச் சர்க்கரை சேர்த்து வறுக்கிறார்கள். அதனால் நிறம் கறுத்து, கசப்பு தூக்கலாக இருக்கும். சிக்கரி பழகிய நாக்குக்கு அது தொந்தரவில்லை.

கடைக்கு எதிரிலேயே பியேத்ராஸ் நிலையம், ஏ தடம். 1913 டிசம்பரில் ஓடத் தொடங்கிய, தென் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில். மரப்பெட்டிகள் 2013 ஜனவரி வரை ஓடின. ரயில்கள் இடப்பக்கமாக ஓடுவதைக் கவனியுங்கள். நாடு 1945-இல் வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறியபோதும் சுரங்க ரயில் பழையபடியே இருந்துவிட்டது. படியில் இறங்குமுன் எந்தத் திசை என்று பலகையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சில பழைய நிலையங்களில் ஒவ்வொரு திசைக்கும் தனி வாசல், உள்ளே நுழைந்தபின் மறு நடைமேடைக்குப் போக வழி கிடையாது, வெளியே வந்து மறுபடி கட்டணம் செலுத்தவேண்டும்.

இரவு

சாப்பாட்டு நேரம் ஒன்பதுக்குமேல். பல சமையலறைகள் நான்கிலிருந்து எட்டுவரை மூடியிருக்கும். அறைக்குப் போய்க் காலை நீட்டிவிட்டுப் பத்தரைக்கு மிலோங்காவுக்குக் கிளம்பினால் போதும், பதினொன்றுக்குமுன் களை கட்டாது. மிலோங்கா என்பது மேடை நிகழ்ச்சி இல்லை, ஊர்க்காரர்கள் தாங்களே ஆடும் டாங்கோக் கூடம். ஒரே ஜோடியோடு தொடர்ந்து ஆடும் பாட்டு வரிசைக்குத் தாந்தா என்று பெயர், ஒரு தாந்தாவில் வழக்கமாக நான்கு டாங்கோ. அதன்பின் சம்பந்தமில்லாத வேறு இசை சில விநாடி ஒலிக்கும், அதோடு தளம் காலியாகும். ஆடக் கூப்பிடுவது கண்ணால்தான். தூரத்திலிருந்து பார்வை, தலையசைப்பு, பதில் தலையசைப்பு. தம்பதியாகச் சேர்ந்து உட்கார்ந்தால் உங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள், அது மரியாதை. வேறு ஆட்களோடும் ஆட விரும்பினால் தனித்தனி மேசையில் உட்காரவேண்டும். பாட்டுக்கு நடுவே பணிவாக 'கிராசியாஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே அதற்கு 'இதோடு போதும்' என்று அர்த்தம், ஜோடி உங்களைத் தளத்தின் ஓரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். ஆடத் தெரியாதவர்கள் தளத்தின் விளிம்பில் நிற்காமல் மேசையில் இருந்தபடி பார்க்கலாம். மிக நெருக்கமான தளத்தில் எழுபது வயது ஜோடி ஒன்று முழங்கை அகல இடத்துக்குள் மூன்று பாட்டு முழுக்க யார்மேலும் இடிக்காமல் சுற்றிவந்ததை இன்று பார்த்தோம்.

நாளை ரெத்தீரோ நிலையத்திலிருந்து தீக்ரே என்ற ஆற்றோர ஊர், ரயிலில் ஒரு மணி நேரம். அதே சூபே அட்டை போதும்.